ரயிலடியில் வீடு, வீட்டடியில் கார்

ரயில் நிலையத்தை ஒட்டி எழும் ‘பசுமைக் குடியிருப்பு’ எதன் வரைபடக் கட்டை எடுத்தாலும் முதல் சில தாள்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். மொட்டை மாடியில் சோலார் தகடுகள், பால்கனியில் கொடிகள், தரைத்தளத்தில் கடைகள், மர நிழலில் நின்று பேசும் மனிதர்கள். நிலையத்துக்கு நடை தூரம் ஐந்து நிமிடம் என்று ஓர் அம்புக்குறி. அப்படியே புரட்டிக்கொண்டு போனால் கடைசியில் இரண்டு தாள்கள் வரும்: அடித்தளம் ஒன்று, அடித்தளம் இரண்டு. வீட்டுக்கு ஒரு கார் வீதம் கட்டம் கட்டமாக நிரப்பியிருப்பார்கள். முன்தாள்கள் சொல்வதைப் பின்தாள்கள் நம்பவில்லை. ரயிலை மெய்யாகவே நம்பிய யாரும் அந்த இரண்டு தாள்களை வரைந்திருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். கார் வைத்திருப்பதும் வைக்காததும் குடியிருப்பவர் விருப்பம், இடம் கொடுப்பது கட்டுபவர் கடமை, பக்கத்திலேயே ரயில் இருந்தால் காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போய்க்கொள்வார்கள் என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பார்க்கிங் என்பது ஏற்கெனவே இருக்கும் தேவைக்குப் பரிமாறப்படும் ஒரு வசதி என்பது இதன் அடிப்படை. அந்த அடிப்படையே தவறு என்றால் மற்றதெல்லாம் சரிந்துவிடும்.

அது தவறு என்று காட்டுவது எளிதாக இருந்ததில்லை. கார் வேண்டாம் என்று நினைப்பவர்தானே பார்க்கிங் இல்லாத வீட்டைத் தேடி எடுப்பார்? அப்படியிருக்க, பார்க்கிங் குறைந்த கட்டடங்களில் கார் குறைவு என்று கணக்கெடுத்துக் காட்டினால் எது காரணம், எது விளைவு என்று யார் சொல்வது? 2013இல் போக்குவரத்து ஆய்வாளர் டேனியல் சாட்மன் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 10 ரயில் நிலையங்களைச் சுற்றி இரண்டு மைல் வட்டத்துக்குள் வாழும் குடும்பங்களை ஆராய்ந்து, நிலையத்தருகே புது வீடுகளில் கார் குறைவாக இருப்பதற்கு ரயில் மட்டும் காரணமல்ல என்றார். அங்கே பார்க்கிங் கிடைப்பது கடினம், வீடுகள் சிறியவை, வாடகை வீடுகள் அதிகம். இவற்றைக் கணக்கில் சேர்த்தால் ரயிலின் பங்கு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. அப்போதும் மேலே சொன்ன கேள்வி முழுதாகத் தீரவில்லை.

அதைத் தீர்த்தது ஒரு குலுக்கல். சான் ஃபிரான்சிஸ்கோவில் குறைந்த விலை வீடுகளுக்கு விண்ணப்பிப்போர் எக்கச்சக்கம். அதனால் குலுக்கல் முறையில்தான் ஒதுக்குகிறார்கள். யாருக்கு எந்தக் கட்டடம் விழும் என்பது அதிர்ஷ்டம். சிலருக்கு வீட்டுக்கு ஒரு பார்க்கிங் உள்ள கட்டடம், சிலருக்குப் பார்க்கிங்கே இல்லாத கட்டடம். ஆக, ‘காரை விரும்பியவர் அங்கே போனார்’ என்ற வாதத்துக்கு இடமே இல்லை. ஆடம் மில்லர்ட்-பாலும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் குடும்பங்களைக் கேட்டு 2021இல் வெளியிட்ட முடிவு இது: வீட்டுக்கு ஓர் இடமாவது உள்ள கட்டடங்களில் கார் வைத்திருப்போர் விகிதம், பார்க்கிங்கே இல்லாத கட்டடங்களைவிட இரு மடங்குக்கும் மேல். பார்க்கிங் இல்லாத இடத்தில் விழுந்தவர்கள் வேலை வாய்ப்பில் பின்தங்கிவிடவும் இல்லை.

என் நோக்கை மாற்றியது இந்த முடிவுதான். இடம் இருந்ததால் கார் வந்தது. அப்படியானால் அடித்தளத் தாளை வரைபவர் தேவையைப் பூர்த்தி செய்யவில்லை, அதை உண்டாக்குகிறார். ரயிலடிக் குடியிருப்பின் மற்ற எந்தப் பசுமை அம்சத்தையும்விட, வீட்டுக்கு எத்தனை கார் இடம் என்ற அந்த ஓர் எண்ணை முதலில், மற்ற எதையும் வரையும் முன்பே, முடிவு செய்ய வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். காரணம் போக்குவரத்து மட்டுமல்ல. அந்த எண் கட்டடத்தின் தூண் முதல் மரம் வரை எல்லாவற்றையும் பிடித்து ஆட்டுகிறது.

ஓர் எண், ஒரு கட்டடம்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை ஹெக்டேர் மனை, அதாவது 5,000 சதுர மீட்டர், ஏறத்தாழ 70 மீட்டருக்கு 70 மீட்டர். அதில் எட்டுத் தளங்களில் 200 வீடுகள், சராசரியாக 70 சதுர மீட்டர். வீடுகளின் பரப்பு மட்டும் 14,000 சதுர மீட்டர். ஒரு காரை நிறுத்த 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் போதும், 12.5 சதுர மீட்டர். ஆனால் கார் அங்கே வந்து சேர வேண்டுமே. கார் ஓடும் வழி, ராம்ப் (கார் ஏறி இறங்கும் சரிவுப் பாதை), தூண், படிக்கட்டு எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 32 சதுர மீட்டர் ஆகும். 30 என்று வைத்தால் 200 காருக்கு 6,000 சதுர மீட்டர். குடியிருக்கும் பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேலான பரப்பை, யாரும் வாழாத பரப்பாக, மண்ணுக்கடியில் கான்கிரீட்டில் கட்டுகிறோம். அடித்தளக் கான்கிரீட் சாதாரணமானதும் அல்ல. மண் அழுத்தத்தைத் தாங்கும் சுற்றுச்சுவர், நிலத்தடி நீரின் மேல்நோக்கு அழுத்தத்தைத் தாங்கும் தடித்த ராஃப்ட் (கட்டடம் முழுதும் உட்காரும் ஒரே கான்கிரீட் பலகை), நீர்த்தடுப்புப் பூச்சு, கட்டும் காலம் முழுக்க நீரிறைப்பு. கட்டடம் புழக்கத்துக்கு வருமுன்பே அதன் கார்பன் கணக்கில் பெரிய பங்கு இங்கேதான் செலவாகிவிடுகிறது.

அடுத்தது தூண்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே மூன்று கார்கள் நிற்க 7.5 மீட்டர் தெளிவான இடைவெளி வேண்டும். தூணின் அகலத்தையும் சேர்த்தால் 8 மீட்டர் கட்டம். வீட்டுக்கோ அறை அகலம் 3 முதல் 3.6 மீட்டர். இரண்டும் அழகாகப் பொருந்துவது அபூர்வம். பொருந்தாதபோது பொறியாளர் தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாற்றுத் தளம் போடுவார். மேலிருந்து வரும் சுமையை வாங்கி, வேறு இடத்தில் இருக்கும் கீழ்த் தூண்களுக்குக் கடத்தும் 1 முதல் 1.5 மீட்டர் தடிமனுள்ள ஸ்லாப் அல்லது பீம்கள். எட்டுத் தளக் கட்டடத்தில் மிக அதிகக் கம்பி விழுங்கும் ஒரே தளம் அது. இல்லாவிட்டால் எதிர்த்திசையில் சமரசம்: கார்க் கட்டத்துக்கு ஏற்ப வீடுகளை வளைப்பார்கள். ஜன்னலில்லாத சாப்பாட்டறையும் வரவேற்பறை நடுவில் நிற்கும் தூணும் இப்படித்தான் பிறக்கின்றன.

ராம்பைப் பாருங்கள். 3.3 மீட்டர் ஆழத்துக்கு 1:8 சரிவில் (8 மீட்டருக்கு 1 மீட்டர்) இறங்க 26 மீட்டர் நீளம். காரின் அடிவயிறு இடிக்காமலிருக்க மேலும் கீழும் பாதிச் சரிவில் சில மீட்டர்கள் சேர்த்தால் 33 மீட்டர் ஆகிவிடும். இருவழிக்கு 6 மீட்டர் அகலம். மனையின் பாதி ஆழத்தை ராம்பே விழுங்கும். முகப்பில் உள்ளே போக ஒரு வாய், வெளியே வர ஒரு வாய், காவலர் அறை, ட்ரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், மின்பலகை அறை, குப்பை அறை, தீயணைப்பு வண்டிப் பாதை. 70 மீட்டர் முகப்பில் கடைக்கு மிஞ்சுவது 30 மீட்டர் இருந்தால் அதிர்ஷ்டம். முதல் தாளில் வரைந்த அந்தக் கடைத்தெரு எங்கே போனது என்று அப்புறம் தேடுவார்கள்.

சோலாரையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். பொது வழி, சுவர், லிஃப்ட் எல்லாம் சேர்த்து மொத்தக் கட்டடப் பரப்பு 17,500 சதுர மீட்டர் என்றால், எட்டுத் தளத்துக்கு மொட்டை மாடி சுமார் 2,200. தொட்டி, லிஃப்ட் அறை, படிக்கட்டு, பராமரிப்பு வழி போகப் பாதி கிடைக்கும். நிழல் விழாமல் இடைவெளி விட்டு அடுக்கினால் ஒரு கிலோவாட்டுக்கு 8 முதல் 10 சதுர மீட்டர். மொத்தம் 110 முதல் 140 கிலோவாட். வீட்டுக்கு முக்கால் கிலோவாட்கூட வராது. லிஃப்ட், நீரேற்றும் பம்ப், பொது விளக்குகள் வரைக்கும் இது நல்ல உதவி. ஆனால் அடித்தளத்தில் 6,000 சதுர மீட்டர், 2.7 மீட்டர் உயரம், மணிக்கு 6 முறை காற்று மாற்றம் என்றால் ஒரு மணி நேரத்தில் 97,000 கன மீட்டர் காற்றை விசிறிகள் தள்ள வேண்டும். அதுவும் போக நாள் முழுதும் எரியும் விளக்குகள், சம்ப் பம்புகள். மாடியில் பிடித்த வெயிலில் ஒரு பங்கு, கார்கள் நிற்கும் அறையில் காற்றோட்டமாகத் தீர்ந்துவிடுகிறது.

இதே மனையில் எண்ணை 0.4 ஆக்குங்கள். 80 கார், 2,400 சதுர மீட்டர். ஒரே அடித்தளம், அதுவும் மனையில் பாதிக்கும் குறைவாக. அதைக் கிட்டத்தட்டக் கட்டடத்தின் நிழலுக்குள்ளேயே அடக்கிவிடலாம். மீதிப் பாதியில் மண் மண்ணாகவே இருக்கும்.

மண் மண்ணாக இருந்தால்

வரைபடத்தில் மரம் வரைய ஒரு பச்சை வட்டம் போதும். நிஜத்தில் நிழல் தரும் அளவுக்கு வளரும் மரத்துக்கு 20 முதல் 30 கன மீட்டர் மண் வேண்டும். அடித்தளக் கூரைமேல் அந்த மண்ணைக் கொட்டலாம்தான். ஆனால் நனைந்த மண் கன மீட்டருக்கு 1.8 முதல் 2 டன், 1.2 மீட்டர் ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு டன்னுக்கு மேல் சுமை. சாதாரண வீட்டுத் தளத்தின் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 0.2 டன்தான். பத்து மடங்கு. அதனால் செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது மண்ணின் ஆழம். 1.2 மீட்டர் 60 சென்டிமீட்டராகி, மரம் புதராகி, புதர் புல்லாகி, புல் கடைசியில் செயற்கைப் புல்லாகி நிற்கும். அதோடு, கூரைமேல் உள்ள மண்ணுக்கு நிலத்தடி ஈரத்தோடு தொடர்பில்லை. சொட்டுநீர்க் குழாய் ஒரு வாரம் அடைத்துக்கொண்டால் தோட்டம் முடிந்தது. பத்துப் பதினைந்து ஆண்டில் நீர்த்தடுப்புப் பூச்சு கசிந்தால் எல்லாவற்றையும் அள்ளிவிட்டுத்தான் பழுதுபார்க்க வேண்டும்.

மழைநீரும் அப்படியே. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 5,000 சதுர மீட்டர் மனையில் 40 மில்லிமீட்டர் கொட்டினால் 2 லட்சம் லிட்டர். மனை முழுக்க அடித்தளம் என்றால் அத்தனையையும் தொட்டியில் பிடிக்க வேண்டும், அல்லது தெருவில் விட வேண்டும். பாதி மனை திறந்த மண்ணாக, சுற்றுப் பரப்பைவிட 20 சென்டிமீட்டர் தாழ்த்திய தோட்டமாக இருந்தால் அதில் 1,000 சதுர மீட்டரே இந்த 2 லட்சம் லிட்டரையும் சிறிது நேரம் தாங்கிக்கொள்ளும். பம்ப் வேண்டாம், சென்சார் வேண்டாம். களிமண் பூமியாக இருந்தால் அடியில் சரளைக் கற்களும் துளைக்குழாயும் சேர்க்க வேண்டும். கட்டும் காலத்தில் அந்தப் பாதியில் லாரி ஏறாமல் வேலி போட்டுக் காக்கவும் வேண்டும். இறுகிய மண்ணில் நீர் இறங்காது. பல தோட்டங்கள் தோற்பதற்கு இதுதான் காரணம், யாரும் இதை வரைபடத்தில் எழுதுவதில்லை.

800 மீட்டர் என்கிற பொய்

கார் எண்ணைக் குறைக்கச் சொல்பவர் நடையை எளிதாக்கித் தர வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் தண்டனை. இங்கேயும் வரைபடம் ஏமாற்றும். நிலையத்தை நடுவில் வைத்து 800 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதெல்லாம் பத்து நிமிட நடை என்பார்கள். நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பவருக்கு 800 மீட்டர் பத்து நிமிடம்தான், பறந்து போனால். அந்த வட்டத்தின் பரப்பு 201 ஹெக்டேர். தெருக்கள் நேர்க்கோட்டுக் கட்டங்களாக இருந்தால் மனிதர் உண்மையில் 800 மீட்டருக்குள் எட்டக்கூடியது வட்டமல்ல, சாய்சதுரம். 128 ஹெக்டேர், அதாவது 64 சதவீதம். இது எல்லாத் தெருவும் திறந்திருக்கும்போது. 300 மீட்டர் நீள மதில் ஒன்று குறுக்கே வந்தால் இன்னும் சுருங்கும். நிலையத்துக்கு ஒரு பக்கம் மட்டும் வாசல் இருந்து, தண்டவாளத்தைக் கடக்கும் பாலம் 400 மீட்டர் தள்ளி இருந்தால், மறுபக்கத்தில் எட்டக்கூடிய பரப்பு கால்பங்காகிவிடும். அந்த மறுபக்கத்தில் எத்தனை அடுக்கு மாடி கட்டினாலும் அது ரயிலடி வீடு அல்ல. எனவே கட்டடத்துக்குச் செலவழிக்கும் முன் நிலையத்தின் இரண்டாவது வாசலுக்குச் செலவழிப்பதே லாபம். சிக்னலில் ஒரு நிமிடம் நிற்பது 80 மீட்டர் நடைக்குச் சமம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அகலச் சாலையை இரண்டு கட்டமாகக் கடக்க வைத்தால் 160.

இதை வழித்தடம் போடும்போதே யோசித்த ஊர் ஆர்லிங்டன். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கிறது. மெட்ரோவை நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் போட்டால் மலிவு என்ற யோசனையை விலக்கி, பழைய கடைத்தெருவுக்கு அடியில் கொண்டுபோக வாதாடி வென்றார்கள்; 1979இல் பால்ஸ்டன் வரை ரயில் வந்தது. நெடுஞ்சாலை நடுவில் நிலையம் இருந்தால் அதைச் சுற்றியுள்ள முதல் 100 மீட்டர், அதாவது மிக விலைமதிப்புள்ள நிலம், கார்களுக்கே போய்விடும். ஆர்லிங்டனில் உயரமான கட்டடங்கள் நிலையத்தை ஒட்டியும், தள்ளிப்போகப் போகத் தணிந்தும் நிற்கின்றன. விதி எளிது, அதைப் பல பத்தாண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டதுதான் சாதனை.

அடர்த்தியை மட்டும் கூட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். நகரத் திட்ட ஆய்வாளர்கள் ரீட் யூயிங், ராபர்ட் செர்வெரோ இருவரும் 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குடியிருப்பு அடர்த்தி இரு மடங்கானால் கார் ஓட்டம் குறைவது மிகச் சொற்பம், நெகிழ்ச்சி 0.04தான் (அடர்த்தி 1 சதவீதம் கூடினால் ஓட்டம் 0.04 சதவீதம் குறையும்). வேலையிடங்களை எவ்வளவு எளிதில் எட்டலாம் என்பதற்கு 0.20, தெருச் சந்திப்புகளின் செறிவுக்கு 0.12. சின்னச் சின்னத் தெருக்களும், போக வேண்டிய இடம் கிட்டத்தில் இருப்பதும் மாடிகளின் எண்ணிக்கையைவிட அதிக வேலை செய்கின்றன.

கடை எங்கே, எத்தனை

200 வீடுகள் ஒரு மளிகைக் கடையைக்கூடச் சரியாகத் தாங்காது. கடையைத் தாங்குவது நிலையத்துக்கு நடந்து போகும் மொத்த வட்டாரம். ஆகவே கட்டடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கடை வைப்பது வீண். நிலையத்துக்குப் போகும் வழியில், அதிலும் முதலில் மூலையில் வையுங்கள். மற்ற பக்கங்களில் தரைத்தள வீடுகள், தெருவைப் பார்த்த வாசலோடு இருக்கட்டும். மூன்று ஆண்டு ஷட்டர் இறங்கிக் கிடக்கும் கடை வரிசை, வெறும் சுவரைவிட மோசமாகத் தெருவைக் கொன்றுவிடும்.

கடைக்கு 4.5 மீட்டர் உயரம் வேண்டும். வீட்டுக்குரிய 3 மீட்டரில் குழாய், குளிர்சாதனப் பாதை எல்லாம் போகத் தலை இடிக்கும். ஆழம் 12 முதல் 15 மீட்டர், அகலம் 5 முதல் 7. உணவகம் வருமா வராதா என்று தெரியாவிட்டாலும் இரண்டு மூன்று கடைகளுக்காவது சமையல் புகை போகும் தனிக் குழல்வழியை மொட்டை மாடி வரை விட்டுவைக்க வேண்டும். பிறகு சேர்க்கவே முடியாத ஒரே விஷயம் அது; வீடுகளின் நடுவே ஓட்டை போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் தொட்டி, தனி மின்மீட்டர், தனிக் குப்பையறை, சிற்றுந்து நின்று சரக்கு இறக்க 3.5 மீட்டருக்கு 8 மீட்டர் இடம். கடைத் தரை நடைபாதையோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் மறுபடி கார் குறுக்கிடும்: அடித்தளத்துக்கு இயற்கைக் காற்று வேண்டுமென்று அதை அரைத்தளம் மேலே தூக்குவார்கள். கடைகள் 1.2 மீட்டர் உயரத்தில் போய் உட்காரும். சக்கர நாற்காலி ஏற 1:12 சரிவில் 14.4 மீட்டர் ராம்ப், இடையில் நிற்கும் தளங்கள் தனி. நிலையத்துக்கு விரைகிற எவரும் எட்டுப் படி ஏறிப் பொருள் வாங்கப் போவதில்லை.

கோபன்ஹேகனின் ஓரெஸ்டாட் பகுதியில் ரயில் முந்திக்கொண்டது. 2002இல் மெட்ரோ வந்துவிட்டது, கட்டடங்கள் பிறகுதான் வந்தன. முறைப்படி எல்லாம் சரி. ஆனால் தெருக்கள் அகலம், கட்டடங்களுக்கு நடுவே வெற்றிடம், 2004இல் திறந்த ஃபீல்ட்ஸ் என்ற பெரிய வணிக வளாகம் கடைகளையெல்லாம் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டது. தெருவுக்கு எதுவும் மிஞ்சவில்லை என்று நெடுநாள் விமர்சனம் இருந்தது. ரயில் சரியான நேரத்தில் வந்தால் மட்டும் போதாது.

வீடு, கடை, அலுவலகம் எல்லாம் ஒரே இடத்தில் வைக்கும் கலப்புப் பயன்பாட்டில் கடையைவிட முக்கியமான ஒன்றை ஜப்பானில் ரயில் தொழிலதிபர் கோபயாஷி இச்சிஸோ நூறாண்டுக்கு முன்பே கண்டுகொண்டார். பின்னாளில் ஹாங்க்யூ என்று பெயர் பெற்ற அவருடைய ரயில் 1910இல் ஓடத் தொடங்கியபோது, வழியில் இக்கேடாவில் தவணை முறையில் வீடுகள் விற்றார். வீடுகள் மட்டும் இருந்தால் காலையில் ஒரு திசையில் நெரிசல், எதிர்த்திசையில் காலி வண்டி. ஆகவே புறநகர் முனையான தக்கராசுக்காவில் கேளிக்கையையும், 1929இல் ஒசாகா நகர முனையான உமேடாவில் பல்பொருள் அங்காடியையும் வைத்தார். வண்டி இரு திசையிலும் நிரம்பியது. இன்று ரயிலடியில் வெறும் வீடுகளாகக் கட்டி, கீழே நாலு கடை வைத்துவிட்டுக் கலப்பு என்று பெயர் சூட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். அலுவலகம், பள்ளி, மருத்துவமனை என்று வெளியிலிருந்து ஆட்களை இழுக்கும் ஏதாவது ஒன்று இல்லாவிட்டால், அடிக்கடி ரயில் விட நிர்வாகத்துக்குக் கட்டுப்படியாகாது.

ரயிலுக்குப் பக்கத்தில் என்றால் சத்தமும் அதிர்வும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுரங்க ரயிலின் அதிர்வு மண் வழியே வந்து சுவர்களில் உறுமலாகக் கேட்கும். கட்டடத்தை ரப்பர் தாங்கிகள்மேல் உட்கார வைப்பது லண்டனில் 1960களிலிருந்தே பழக்கம். தரைமேல் ரயிலுக்குத் தடித்த லேமினேட் கண்ணாடி போடுவார்கள், ஆனால் அது மூடியிருக்கும்வரைதான் பயன். ரயில் பக்கம் மட்டுமே ஜன்னல் உள்ள வீடு ஆண்டு முழுக்க ஏசியில்தான் ஓடும். ரயில் பக்கம் நடைவழி, சமையலறை, குளியலறை, மறுபக்கம் படுக்கையறை, இரண்டு பக்கமும் திறப்பு. இதை விட்டால் வேறு வழியில்லை.

எண்ணைக் குறைத்தவர்கள் எப்படிச் செய்தார்கள்

ஜெர்மனியின் ஃப்ரைபுர்கில், 1992இல் பிரெஞ்சுப் படை காலிசெய்த சுமார் 40 ஹெக்டேர் முகாமில் எழுந்தது வௌபான். 5,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அங்கே பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் கார் வந்து ஆளையும் பொருளையும் இறக்கலாம், நின்றுவிட முடியாது. கார் வைத்திருப்பவர் வட்டாரத்தின் ஓரத்தில் உள்ள பொது நிறுத்தக் கட்டடத்தில் தனியாக விலை கொடுத்து இடம் வாங்க வேண்டும். வீட்டு விலை வேறு, கார் இட விலை வேறு. சட்டமோ வீட்டுக்கு ஓர் இடம் கட்டாயம் என்றது. அதை அவர்கள் தாண்டிய விதம்தான் ரசிக்கத்தக்கது: கார் இல்லாத குடும்பங்கள் அதை எழுதிக் கொடுத்து, ஒரு சங்கத்தில் ஒருமுறை பணம் செலுத்தினார்கள், சங்கம் எதிர்காலத்தில் தேவைப்பட்டால் நிறுத்தம் கட்டக்கூடிய நிலத்தை வாங்கி, கட்டாமல் வைத்திருக்கிறது. சட்டத்துக்கு இடம் இருக்கிறது, கான்கிரீட் இல்லை. டிராம் 2006இல்தான் வந்தது, அதுவரை பேருந்து ஓடியது.

இதைப் பின்பற்ற நினைப்பவர்கள் வழுக்கும் இடங்கள் சில உண்டு. விலையைப் பிரிக்காமல் எண்ணை மட்டும் குறைத்தால், கார் இல்லாதவரும் இருப்பவரின் இடத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார். இடத்தை நிரந்தரமாக விற்றாலும் சிக்கல். அது சொத்தாகி, காலியாகவே பூட்டிக் கிடக்கும். மாத வாடகைதான் நல்லது. சுற்றுத் தெருக்களில் இலவசமாக நிறுத்தலாம் என்றால் எல்லாக் காரும் அங்கே போய் நிற்கும், அக்கம்பக்கத்தார் அடுத்த திட்டத்தை எதிர்த்துக் கொடி பிடிப்பார்கள், அதில் அவர்கள் தவறும் இல்லை. சுற்றுத் தெருக்களுக்கான அனுமதிச் சீட்டு முறை, முதல் வீட்டில் பால் காய்ச்சும் முன்பே அமலுக்கு வர வேண்டும். 2022இல் கலிஃபோர்னியா, முக்கியப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் பெரும்பாலான கட்டடங்களுக்குக் கட்டாயப் பார்க்கிங் விதிக்க முடியாது என்று சட்டமியற்றியது. கட்டாயத்தை நீக்கினால் மட்டும் எண் தானாக இறங்காது, தெருவையும் நிர்வகிக்க வேண்டும்.

நடக்க இயலாதவர்களின் கார் விதிவிலக்கு. 3.6 மீட்டர் அகல இடம், லிஃப்டுக்குப் பக்கத்தில், இதில் பேரம் கிடையாது. ஆம்புலன்ஸ், வீடு மாற்றும் வண்டி, பழுதுபார்ப்பவர், பொட்டலம் கொண்டுவருபவர் ஆகியோருக்கு வாசலருகே இரண்டு மூன்று குறுநேர இடங்கள். 200 வீட்டுக்கு, பலரும் முறை வைத்து எடுக்கும் நாலைந்து பகிர்வுக் கார்கள், அடித்தளத்தில் ஒளித்து வைக்காமல் எல்லோரும் பார்க்கும் இடத்தில். சைக்கிளுக்குப் படுக்கையறைக்கு ஒன்று வீதம் 400 இடம். ஒற்றை அடுக்கில் 700 முதல் 800 சதுர மீட்டர், இரண்டு அடுக்கில் கிட்டத்தட்டப் பாதி. அது தரைத்தளத்தில், கார் ராம்பில் இறங்காமல், லிஃப்டில் ஏறாமல் எட்டும்படி இருக்க வேண்டும். கதவு 1.2 மீட்டர். சைக்கிளை எடுக்க மூன்று கதவு திறக்க வேண்டியிருந்தால் அந்த அறை ஓராண்டில் பழைய சாமான் அறையாகிவிடும்.

ரயிலோ பேருந்தோ குடிவரும் முதல் நாளே ஓட வேண்டும். வீடு மாறும்போதுதான் மனிதர் பயண வழக்கத்தை மாற்றுகிறார். இரண்டு ஆண்டு கழித்து வரும் ரயில், ஏற்கெனவே வாங்கிய காரோடு போட்டியிட வேண்டும். 30 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் நேர அட்டவணையைப் பார்த்துக் கிளம்புவார்கள், 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம், பார்க்காமலே கிளம்பலாம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதும் அதே அளவு முக்கியம். இரவுப் பணிக்குப் போகிறவர் கார் வாங்குவது அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

எண் எவ்வளவு என்று முன்கூட்டியே யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாதே, குறைத்துக் கட்டிவிட்டு மாட்டிக்கொண்டால்? நியாயமான பயம். ஆனால் அதற்கு அடித்தளம் விடையல்ல. பின்னாளில் வேறு எதற்கும் மாற்ற முடியாத இடம் அதுதான்; ஜன்னல் இல்லை, உயரம் இல்லை. தரைமேல், மனையின் ஓரத்தில், போல்ட் பூட்டிய எஃகுச் சட்டகத்தில் தனி நிறுத்தக் கட்டடம் கட்டினால் தேவை தீர்ந்ததும் கழற்றலாம். மாற்றிப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் தளங்கள் சரிவின்றிச் சமமாகவும், தளத்துக்குத் தளம் 3.5 மீட்டருக்குக் குறையாமலும், ராம்ப் தனியே வெட்டி எடுக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். கார் தளத்தின் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 0.25 டன்), அது வீட்டுக்குப் போதும், கடைக்கு வேண்டியதோ 4 முதல் 5. கீழ்த்தளத்தை மட்டும் அந்தக் கணக்கில் போட்டுவிடலாம். முதலில் பாதியைக் கட்டி, மறுபாதிக்கு அடித்தூண் மட்டும் போட்டு வையுங்கள். வீடுகளில் 80 சதவீதம் நிரம்பிய பிறகு, விடுமுறை இல்லாத வாரநாள் ஒன்றில் அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே, எல்லாக் கார்களும் வீடு திரும்பியிருக்கும் நேரத்தில், நிறுத்தத்திலும் சுற்றுத் தெருக்களிலும் நிற்கும் கார்களை எண்ணுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை. இரண்டு முறையும் 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் முதலில் மாத வாடகையை உயர்த்திப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் மறுபாதிக்கு எஃகு வாங்க வேண்டும்.